மூன்று கம்பி, நான்கு திசை

பிரேக் பிடிக்கவில்லை என்றால் வண்டி அன்றைக்கே வந்துவிடும். ஹாரன் அடிக்கவில்லை என்றால் மறுநாள். சைடு மிர்ரர் நகரவில்லை என்பதற்காக மட்டும் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியவர்கள் எங்கள் கடையில் மிகக் குறைவு. வேறு வேலைக்கு வந்து, கூலியைக் கொடுத்து, சாவியை வாங்கிய பிறகு, "அண்ணா, இந்தக் கண்ணாடியும் ரொம்ப நாளா வேலை செய்யறதில்லீங்க, அப்படியே ஒரு பார்வை பார்த்துடுங்க" என்பார்கள். அதற்குத் தனிக் கூலி உண்டு என்பது அவர்கள் கணக்கில் வராது. கையை வெளியே நீட்டி அழுத்தினால் திரும்பிவிடுகிற கண்ணாடிதானே!

ஆனால் காரின் மின்சாரத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்தக் கண்ணாடிதான். பாலிடெக்னிக்கில் பரீட்சைக்காக உருப்போட்ட ஓம் விதி, கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய ஒன்று என்று தெரிந்ததும் அங்கேதான்.

2001இல் எலக்ட்ரிகல் டிப்ளமா முடித்தேன். கோயம்புத்தூர் மில்களில் எதிலும் வேலை அமையவில்லை. மேட்டுப்பாளையத்தில் ஊட்டி ரோட்டோரம் இருந்த ஓர் ஆட்டோ எலக்ட்ரிகல் கடையில் கையாளாகச் சேர்ந்தேன். தகரக் கூரை, எண்ணெய் ஊறிய ஒரு பெஞ்சு, பேட்டரி சார்ஜர், சுவர் நெடுக ஆணியில் தொங்கும் பழைய ஆர்மேச்சர்கள். கடைக்காரரை ஊரே அண்ணன் என்றுதான் கூப்பிடும். நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் என்னைக் கோபம் வந்தால் "டிப்ளமா" என்பார், மனசு குளிர்ந்திருந்தால் "கண்ணு" என்பார். வெகுநாள் வரைக்கும் நான் டிப்ளமாவாகவே இருந்தேன்.

உருளைக்கிழங்கு ஏற்றிவரும் லாரிகளும் எஸ்டேட் ஜீப்புகளும் டூரிஸ்ட் வேன்களும்தான் கடையின் சோறு. டைனமோ, கட்அவுட், செல்ஃப் மோட்டார், வைப்பர். இந்த நான்கில் அண்ணனை மிஞ்ச ஆள் கிடையாது. அதற்குள் 1998ஐ ஒட்டிச் சந்தைக்கு வந்த புதுக் கார்கள் ஒவ்வொன்றாகப் பழசாகி, வாரண்டி முடிந்து, எங்களைப் போன்ற கடைகளுக்கு வரத் தொடங்கியிருந்தன. பவர் விண்டோ, சென்ட்ரல் லாக், பவர் மிர்ரர். டோர் பேடைக் கழற்றியதும் கொத்தாகத் தொங்கும் கலர் கலரான வயர்களைப் பார்த்து, "இது நம்ம வேலையில்லீங்க, கம்பெனிக்கே கொண்டுபோயிருங்க" என்று திருப்பி அனுப்பிய கடைக்காரர்கள் அப்போது நிறையப் பேர். அண்ணன் திருப்பி அனுப்பவில்லை. அவர் செய்த முதல் காரியம், கோயம்புத்தூர் உக்கடத்துப் பழைய சாமான் கடையிலிருந்து, விபத்தான காரில் கழற்றிய மிர்ரர் ஒன்றை வாங்கிவந்து என்முன் போட்டதுதான்.

"பிரிச்சுப் பாரு. உடைஞ்சாப் பரவால்ல, அதுக்குத்தான் வாங்கியாந்தது."

கண்ணாடி தனியாக நிற்பதில்லை. ஒரு பிளாஸ்டிக் தட்டில் ஒட்டியிருக்கிறது. ஒரு ஓரத்தை உள்ளே அழுத்தி, எதிர் ஓரத்தை விரலால் நெம்பினால் கிளிப் விட்டுக்கொடுக்கும். வெயிலில் கிடந்த மிர்ரர் என்றால் சுலபமாக வரும். குளிரில் விறைத்திருக்கும்போது நெம்பினால் கிளிப்பும் போகும், கண்ணாடியும் போகும். குன்னூரிலிருந்து காலையில் இறங்கிவரும் வண்டிகளை அண்ணன் முதலில் வெயிலில் நிறுத்தச் சொல்வார்.

தட்டை எடுத்ததும் உள்ளே இருப்பது ஆச்சரியப்படும் அளவுக்குக் கொஞ்சம். நடுவில் தட்டு சுழன்று சாய ஒரு பந்து மூட்டு. அதற்கு மேலே ஒரு திருகுத்தண்டு, பக்கவாட்டில் ஒரு திருகுத்தண்டு. ஒன்று முன்னே தள்ளினால் கண்ணாடி கீழே கவிழும், இன்னொன்று தள்ளினால் பக்கம் திரும்பும். தண்டுகளைத் தள்ள இரண்டு சின்ன மோட்டார்கள், விளையாட்டுச் சாமான்களில் போடுகிற ஜாதி. மோட்டார் வேகமாகச் சுற்றும். பல்சக்கரங்கள் அந்த வேகத்தைத் தின்று பலமாக்கிக் கொடுக்கும். கண்ணாடி எல்லைக்கு வந்ததும் மோட்டாரை நிறுத்த சுவிட்ச் எதுவும் கிடையாது. அதற்குமேல் போக இடமில்லாதபோது உள்ளே ஒரு கிளட்ச் வழுக்கி 'டிக் டிக்' என்று தட்டும். அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பதறி வந்தவர்களும் உண்டு. விரலை எடுத்தால் சத்தம் நின்றுவிடும் என்று சொல்லி அனுப்புவோம்.

அண்ணன் சாக்பீஸை எடுத்துக்கொண்டு சிமெண்ட் தரையில் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"திசை எத்தனை?"

"நாலுங்கண்ணா. மேல, கீழ, இந்தப் பக்கம், அந்தப் பக்கம்."

"மோட்டாரு?"

"ரெண்டு."

"மோட்டாருக்குப் போற கம்பி?"

எண்ணினேன். மூன்று.

"ஒரு மோட்டாருக்கு ரெண்டு கம்பின்னா நாலு வேணுமல்ல? மூணுல எப்படி ஓடுது? டிப்ளமாவுல சொல்லித் தந்தாங்களா?"

சொல்லித் தரவில்லை. ஆனால் தரையில் வரைந்து பார்த்ததும் பிடிபட்டது. இரண்டு மோட்டார்களுக்கும் ஒரு முனை பொது. அது ஒரு கம்பி. மறுமுனைகள் இரண்டும் தனித்தனி. மேல்கீழ் மோட்டாரின் கம்பிக்கு பிளஸ், பொதுக் கம்பிக்கு மைனஸ் கொடுத்தால் கண்ணாடி மேலே போகும். அதையே மாற்றி, பொதுவுக்கு பிளஸ், அதற்கு மைனஸ் கொடுத்தால் கீழே வரும். பக்கவாட்டு மோட்டாருக்கும் இதே கதை. பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிமாற்றிப் போடுவதுதான் டிரைவர் பக்கத்தில் இருக்கும் அந்தக் குட்டிச் சுவிட்சின் வேலை. வேறு மர்மம் இல்லை. மடங்கும் மிர்ரர் என்றால் அதற்கு இன்னும் இரண்டு கம்பி, பனி போக்கும் ஹீட்டர் இருந்தால் இரண்டு, இண்டிகேட்டர் இருந்தால் இரண்டு. வயர்களைச் சேர்க்கும் கப்ளரில் எத்தனை பின் இருந்தாலும் அதற்குள் இந்த மூன்று ஒளிந்திருக்கும்.

தரையில் வரைந்த அந்தப் படம்தான் பிறகு எனக்குக் கருவி. டோர் பேடில் கை வைக்கும் முன்னாலேயே பாதி விடை தெரிந்துவிடும். இடது மிர்ரர் நான்கு திசை, வலது மிர்ரர் நான்கு திசை, எட்டையும் அழுத்திப் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் செத்திருந்தால் ஃப்யூஸ், அல்லது சுவிட்சுக்கு வரும் கரண்ட், அல்லது சுவிட்சின் எர்த். ஒரு மிர்ரர் மட்டும் மொத்தமாகச் செத்திருந்தால் அந்தப் பக்கத்துப் பொதுக் கம்பியைச் சந்தேகப்படலாம். பொதுக் கம்பி அறுந்த சில கார்களில் கண்ணாடி அடியோடு நிற்பதும் இல்லை. கரண்ட் வேறு வழியில்லாமல் இரண்டு மோட்டார்களுக்குள்ளும் தொடராகப் புகுந்து போகும். மேலே என்று அழுத்தினால் கண்ணாடி சோம்பலாகக் குறுக்கே சாயும். முதலில் பார்ப்பவர்களுக்குப் பேய் பிடித்த மாதிரித் தோன்றும். படம் தெரிந்தவர்களுக்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேறு இல்லை. மேல்கீழ் நன்றாக இருந்து பக்கவாட்டு மட்டும் போயிருந்தால் பக்கவாட்டுக் கம்பி, இல்லாவிட்டால் அந்த மோட்டார்.

எனக்கு மிகவும் பிடித்தது இதற்கு அடுத்தது. இடது போகிறது, வலது போகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் ஓடுவது ஒரே மோட்டார், அதே இரண்டு கம்பிகள். இடது போகிறது என்றாலே மோட்டாரும் கம்பியும் குற்றமற்றவை என்று நிரூபணம் ஆகிவிட்டது. மிச்சம் இருப்பது சுவிட்சுக்குள் இருக்கும் ஒரு தொடுமுனை. கதவைத் தொடவே வேண்டாம். சுவிட்சைப் பிரித்து, கருகிய செம்பை நைசான காகிதத்தால் துடைத்தால் வேலை முடிந்தது. இதற்கு மிர்ரரையே மாற்றிவிட்டு, அப்புறமும் வேலை செய்யாமல் முழித்த ஆட்களை நான் பார்த்திருக்கிறேன்.

சுலபமான பழுதுகளும் வரும். இடது, வலது தேர்ந்தெடுக்கும் குமிழ் நடுவில் நின்றிருக்கும். நடு என்றால் இரண்டும் ஓடாது. அதைத் திருப்பிக் காட்டியதும் வண்டிக்காரர் முகத்தைப் பார்க்கக் கூடாது, பாவம். இன்னொன்று ஃப்யூஸ். பல கார்களில் மிர்ரருக்கென்று தனி ஃப்யூஸ் கிடையாது. சிகரெட் லைட்டர் சாக்கெட்டோடு அது பங்கு போட்டுக்கொள்ளும். செல்போன் பரவிய காலம். சாக்கெட்டில் மட்டமான சார்ஜரைச் செருகி ஃப்யூஸ் போயிருக்கும். சார்ஜர் கெட்டது என்று தூக்கிப் போட்டிருப்பார்கள், மிர்ரர் கெட்டது என்று எங்களிடம் வருவார்கள். இரண்டும் ஒரே நாளில் கெட்டதா என்று அண்ணன் கேட்கும்போதுதான் யோசிப்பார்கள்.

மிர்ரருக்காக மட்டுமே வண்டியைக் கொண்டுவந்தவர் குன்னூரில் கிளினிக் வைத்திருந்த ஒரு டாக்டரம்மா. வாரத்தில் சில நாள் அவரே ஓட்டுவார், சில நாள் டிரைவர் ஓட்டுவார். டிரைவர் ஆறடி ஆள். ஒவ்வொரு தடவையும் மிர்ரரைத் திருத்தாமல் அவரால் மலை இறங்க முடியாது. பர்லியாறு வழியில் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். மேலே ஏறிவரும் பஸ்ஸுக்கு வழிவிட்டு ஓரம் கட்டி, திரும்பவும் ரோட்டுக்கு ஏறும்போது வலது மிர்ரரைத்தான் நம்ப வேண்டும்.

"வலது மிர்ரர் பக்கவாட்டுல திரும்பறதில்ல. ஆனா ஒர்க்‌ஷாப்புல காட்டினா மட்டும் திரும்புது. மூணு எடத்துல காட்டியாச்சு. ஒரு எடத்துல மிர்ரரையே மாத்தினாங்க. அங்க நல்லாத்தான் இருந்துச்சு, வீட்டுக்குப் போறதுக்குள்ள நின்னுபோச்சு" என்றார். எங்கள் கடையிலும் அது நன்றாகவே திரும்பியது. அவர் முகத்தில் சலிப்பு. நோயாளி தன்னிடம் வந்ததும் காய்ச்சல் இறங்கிவிட்டது என்று சொல்லும்போது ஒரு டாக்டருக்கு என்ன தோன்றுமோ அதை இப்போது தானே வாங்கிக்கொண்டிருந்தார்.

அண்ணன் மிர்ரரைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தார்.

"ஏனுங்கம்மா, மத்த எடத்துலயும் இப்படித்தான் கதவைத் தொறந்து வெச்சு நின்னுட்டே அமுக்கிப் பார்த்தாங்களா?"

டாக்டரம்மா யோசித்துவிட்டு ஆமாம் என்றார். அண்ணன் அவரை உள்ளே உட்காரச் சொல்லிக் கதவைச் சாத்தினார். "இப்ப அமுக்குங்க." மேலே போனது, கீழே வந்தது. பக்கவாட்டில் அசையவில்லை. கதவைத் திறந்ததும் மறுபடி உயிர் வந்தது. எந்த மெக்கானிக்கும் ஒரு பழுதைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் பார்ப்பான். ரோட்டில் போகிறவர் கதவைச் சாத்திக்கொண்டுதான் போவார். அந்த வித்தியாசம்தான் அந்தப் பழுதை இத்தனை நாள் காப்பாற்றியிருக்கிறது.

கதவுக்கும் வண்டியின் உடம்புக்கும் நடுவே, கீலை ஒட்டி, ஒரு கறுப்பு ரப்பர் குழாய் இருக்கும். கதவுக்குப் போகும் அத்தனை கம்பியும் அதற்குள்தான் போகிறது. கதவைத் திறக்கும்போது நிமிரும், சாத்தும்போது மடங்கும். டிரைவர் கதவுதான் அதிகம் திறந்து மூடுவது. அதனால் முதலில் சாவது அந்தப் பக்கத்துக் கம்பி. மிர்ரருக்குப் போகிற மெல்லிய கம்பி என்றால் அரை சதுர மில்லிமீட்டர். உள்ளே 0.2 மில்லிமீட்டர் செம்பு இழைகள் பதினாறு இருக்கும். ஒவ்வொரு இழையாக அறுந்து, கடைசியில் மேலே பிளாஸ்டிக் உறை மட்டும் முழுசாக நிற்கும். வெளியே இருந்து பார்த்தால் புதுக் கம்பிதான். கதவு திறந்திருக்கும்போது அறுந்த முனைகள் இரண்டும் முட்டிக்கொள்ளும், சாத்தினால் விலகும்.

நான் கடைக்குப் புதிதாக வந்திருந்த டிஜிட்டல் மீட்டரை எடுத்துக்கொண்டு போனேன். டோர் பேடைக் கழற்றி, மிர்ரரின் கப்ளரைப் பிடுங்கி, கதவைச் சாத்திய நிலையில் உள்ளே உட்கார்ந்து பக்கவாட்டுப் பின்னில் வைத்தேன். டாக்டரம்மா சுவிட்சை அழுத்தினார். மீட்டர் பன்னிரண்டு வோல்ட் என்று காட்டியது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. கரண்ட் வருகிறதே!

"உன்ற மீட்டரு வோல்ட்டைக் காட்டும், வேலையைக் காட்டாது" என்றார் அண்ணன். அவர் கையில் அவருடைய டெஸ்ட் லேம்ப். ஐந்து வாட் பார்க்கிங் பல்பு, ஒரு ஹோல்டர், இரண்டு வயர், ஒரு ஊசி. அதே பின்னில், அதே கதவு நிலையில் வைத்தார். பல்பு எரியவே இல்லை.

அன்று இரவு நோட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அறுந்த முனைகளுக்கு நடுவே பச்சை பூத்த ஓர் அழுக்கு ஒட்டிக்கொண்டு, ஆயிரம் ஓம் தடையாக நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். டிஜிட்டல் மீட்டரின் உள்தடை ஒரு கோடி ஓம். அது இழுக்கிற கரண்ட் ஒரு மைக்ரோ ஆம்பியருக்குக் கொஞ்சம் கூட. அந்த அற்பக் கரண்டுக்கு ஆயிரம் ஓம் ஒரு தடையே இல்லை. பன்னிரண்டு வோல்ட்டும் அப்படியே மீட்டருக்கு வந்து சேரும். மிர்ரர் மோட்டாரின் தடை நாற்பது ஓம் என்றால், அதே கம்பி வழியாக அதற்குக் கிடைப்பது அரை வோல்ட்டுக்கும் குறைவு. பல்பும் மோட்டாரைப் போலவே கரண்ட் கேட்கும். ஐந்து வாட் என்றால் ஏறக்குறைய 0.4 ஆம்பியர். கேட்டுக் கிடைக்காதபோது எரியாது. மீட்டர் பொய் சொல்லவில்லை. சுமை இல்லாமல் கேட்ட கேள்விக்குச் சுமை இல்லாத பதிலைச் சொன்னது. பாடப் புத்தகத்தில் இந்தக் கணக்கைப் பத்து விதமாகப் போட்டிருக்கிறேன். அதில் ஒரு தடவைகூட டாக்டரம்மா வந்ததில்லை.

ரப்பர் குழாயை உருவியதும் குற்றவாளியைக் கண்டுபிடிக்கக் கண்ணே வேண்டியிருக்கவில்லை. கம்பியை இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்தால், நல்ல கம்பி நீளாது. அறுந்த கம்பியின் உறை மட்டும் ரப்பர் போல நீண்டது. அண்ணன் அங்கே வெட்டி அங்கேயே ஒட்டவில்லை. ஈயம் வைத்த ஒட்டு விறைப்பானது. மடங்குகிற இடத்தில் அதை வைத்தால் ஒட்டின் ஓரத்திலேயே மறுபடி அறுந்துபோகும். குழாய்க்கு அக்கட்ட ஒரு ஒட்டு, இக்கட்ட ஒரு ஒட்டு, நடுவே ஒட்டில்லாத முழுக் கம்பி. அதுவும் மெல்லிய இழை நிறைய உள்ள வளையும் வயர். பக்கத்தில் அறுகிற நிலையில் இருந்த இன்னும் இரண்டு கம்பிகளையும் சேர்த்து மாற்றினார். எல்லா ஒட்டும் ஒரே இடத்தில் வந்தால் புடைத்துக்கொண்டு குழாயில் நுழையாது என்று ஒவ்வொன்றையும் கொஞ்சம் தள்ளித்தள்ளி வைத்தார். ஸ்லீவ் போட்டு, சூடு காட்டிச் சுருக்கி, கதவு முழுக்கத் திறந்தாலும் இழுபடாத அளவுக்குத் தளர்வு விட்டார். கறுப்பு டேப் சுற்றும் வேலை அவரிடம் கிடையாது. வெயிலில் அதன் பசை இளகி, கம்பி முழுக்கப் பிசுபிசுவென்று வழிந்து, கடைசியில் டேப் தானாகக் கழன்றுவிடும். இன்றைக்கும் அக்சஸரி கடைகளில் கம்பியைச் சுரண்டி, முறுக்கி, டேப் சுற்றி, இண்டிகேட்டர் வைத்த மிர்ரரைப் பொருத்திக் கொடுக்கிறார்கள். அவர்களால் எங்களுக்கு வேலை குறைந்ததே இல்லை.

வெட்டி எடுத்த துண்டை அண்ணன் டாக்டரம்மா கையில் கொடுத்தார். அது அவர் வழக்கம். டாக்டரம்மா அதை விரலில் உருட்டிப் பார்த்து, எக்ஸ்ரே பார்ப்பவர் மாதிரி வெளிச்சத்தில் பிடித்து, "இதுக்கா ஒரு மிர்ரர் வாங்கினேன்?" என்றார். கழற்றிப்போட்ட பழைய மிர்ரர் அவர் வீட்டு ஷெட்டில் நல்லபடியாகக் கிடக்கிறது என்பது பிறகு தெரிந்தது.

கார்க் கண்ணாடியின் சரித்திரத்தை அப்புறம் நான் தேடிப் படித்தபோது, இந்த டாக்டரம்மாதான் நினைவுக்கு வந்தார். 1911இல் நடந்த முதல் இண்டியானாபொலிஸ் 500 மைல் பந்தயத்தில், பின்னால் வருகிறவர்களைப் பார்த்துச் சொல்லக் கூட ஓர் ஆளை ஏற்றிக்கொள்ளாமல், அதற்குப் பதில் ஒரு கண்ணாடியைப் பொருத்திக்கொண்டு ஓட்டி ஜெயித்தவர் ரே ஹாரூன். புகழ் அவருக்கு. ஆனால் அதற்கு முன்பே, 1909இல், இங்கிலாந்தின் டோரத்தி லெவிட் பெண்களுக்காக எழுதிய கார் ஓட்டும் கையேட்டில், ஒரு கைக்கண்ணாடியை எட்டும் இடத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வருவதைப் பார்க்கலாம் என்று யோசனை சொல்லியிருக்கிறார். நம் ஊரில் வெகுகாலம் விலை குறைந்த கார்களுக்கு இடது பக்கம் மிர்ரரே வைக்காமல் விற்றார்கள். வைத்துக் கொடுத்தவர்களின் மிர்ரரையும் மடித்துவைத்தே ஓட்டுகிறவர்கள் கோயம்புத்தூர் அவிநாசி ரோட்டில் இன்றைக்கும் உண்டு. பைக்காரன் தட்டிவிட்டுப் போய்விடுவானாம்.

மலை வண்டிகளின் நோய் சமவெளி வண்டிகளுக்கு இல்லாத நோய். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்தால் விடாது. மழை இல்லாத நேரத்தில் மூடுபனி. மிர்ரர் கப்ளரில் ஈரம் புகுந்து பின்னெல்லாம் பச்சை பூத்துவிடும். பச்சை கப்ளரோடு நிற்பதில்லை. உறைக்கு உள்ளேயே இழை வழியாக ஈரம் ஊர்ந்து போகும். வெளியே பளபளக்கும் கம்பியை அரையடி உரித்தாலும் உள்ளே கறுத்த செம்பாகவே வரும். கறுத்த செம்பில் ஈயம் பிடிக்காது. நல்ல செம்பு வரும்வரை வெட்டிக்கொண்டே போக வேண்டியதுதான். மேல்தட்டுக் கார்களில் கண்ணாடியின் முதுகில் ஹீட்டர் ஒட்டியிருக்கும்; பின் கண்ணாடியின் பனி போக்கும் சுவிட்சைப் போட்டால் பெரும்பாலும் இதுவும் சேர்ந்து சூடாகும். மோட்டார் கேட்பதைவிட அது பல மடங்கு அதிகக் கரண்ட் கேட்கும். அதனால் கால்வாசி துருப்பிடித்த கப்ளரில் மோட்டார் ஓடும், ஹீட்டர் மட்டும் சூடாகாது. எஸ்டேட்காரர்கள் ஹீட்டர் போயிற்று என்பார்கள். மேட்டுப்பாளையத்து வெயிலில் நின்றுகொண்டு ஹீட்டர் சூடாகிறதா என்று தொட்டுப் பார்ப்பது எங்களுக்கு ஒரு தனிச் சோதனை.

மிர்ரர் நல்லதா கெட்டதா என்று சந்தேகம் வந்தால் அண்ணன் சட்டைப்பையிலிருந்து ஒன்பது வோல்ட் ரேடியோ பேட்டரியை எடுப்பார். கப்ளரைப் பிடுங்கிவிட்டு மிர்ரர் பக்கத்துப் பின்களில் நேராக அதை வைப்பார். காரின் சுவிட்ச், ஃப்யூஸ், கம்பி எல்லாவற்றையும் வழக்கிலிருந்து தள்ளிவைத்துவிட்டு, மோட்டாரை மட்டும் கூண்டில் ஏற்றுகிற வேலை அது. கண்ணாடி மெதுவாக அசைந்தாலும் போதும், மிர்ரருக்கு விடுதலை. அசையாவிட்டால்தான் திறப்போம். அப்போதும் சில மோட்டார்கள் கார்பன் பிரஷ் ஒட்டிக்கொண்டு நின்றிருக்கும். ஸ்குரூ டிரைவர் பிடியால் ஒரு தட்டுத் தட்டினால் ஓடத் தொடங்கும். அப்படி ஓடுவதை நம்பி வண்டியை அனுப்பக் கூடாது. ஒரு வாரத்தில் திரும்பி வரும்.

பிறகு நான் கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனிக்குப் போய்விட்டேன். ஆனால் ஊட்டிப் பக்கம் போகும்போதெல்லாம் கடையில் இறங்காமல் போவதில்லை. இப்போது அண்ணன் தகரத்துக்குப் பதில் ஷீட் போட்டிருக்கிறார், மகன் ஸ்கேனர் வைத்திருக்கிறான். கார்களும் மாறிவிட்டன. இப்போதைய கார்கள் பலவற்றில் சுவிட்ச் மோட்டாருக்குக் கரண்ட் அனுப்புவதில்லை. 'வலது மிர்ரரை மேலே தூக்கு' என்று ஒரு செய்தியை மட்டும் அனுப்பும். கதவுக்குள் இருக்கும் ஒரு மாட்யூல் அதைப் படித்துப் புரிந்துகொண்டு மோட்டாரை ஓட்டும். சாக்பீஸில் வரைந்த மூன்று கம்பி இன்னும் இருக்கிறது, மாட்யூலுக்கும் மிர்ரருக்கும் நடுவில். ஆனால் செய்தி போகும் கம்பியில் பழைய மாதிரி பல்பைக் குத்தினால் மாட்யூல் சேதமாகலாம். எந்தக் கம்பியில் குத்தலாம், எதில் கூடாது என்று மகன் லேப்டாப்பில் படம் பார்த்துச் சொல்கிறான். அண்ணன் அதைக் காது கொடுத்துக் கேட்கிறார் என்பதே எனக்குப் பெரிய ஆச்சரியம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் டீ குடித்துக்கொண்டிருந்தபோது திருப்பூர்க்காரர் ஒருவர் பெரிய வண்டியில் வந்தார். குடும்பத்தோடு ஊட்டிக்குப் போகிற வழி. டிரைவர் பக்கத்து மிர்ரர் மடங்கத் தொடங்கிப் பாதியில் நிற்கிறது, கூடவே விண்டோ ஏற்றினால் கதவே செத்துப்போய் அப்புறம் தானாக உயிர் வருகிறது. முன்பு காட்டிய இடத்தில் மாட்யூலும் மிர்ரரும் மாற்ற வேண்டும் என்று பெரிய தொகை சொல்லியிருந்தார்கள். மகன் ஸ்கேனரைச் செருகினான். டிரைவர் கதவு மாட்யூலோடு பேச்சு அறுந்தது என்று கோடு வந்தது. பேச்சு ஏன் அறுந்தது என்று ஸ்கேனர் சொல்லாது.

அண்ணன் மாட்யூலின் கப்ளரைக் கழற்றினார். செய்திக் கம்பியை விட்டுவிட்டு, பிளஸ்ஸிலும் எர்த்திலும் மட்டும் இருபத்தோரு வாட் பிரேக் பல்பை வைத்தார். சிவப்பு மயிரிழையாகத் தெரிந்தது, அவ்வளவுதான். பிளஸ்ஸை அப்படியே வைத்துக்கொண்டு, எர்த் முனையை மட்டும் வண்டியின் உடம்பில் வைத்தார். பளீரென்று எரிந்தது. எர்த் போதவில்லை. மோட்டார் இழுக்கும்போது வோல்ட் சரிந்து மாட்யூல் மயங்கி விழுகிறது. மயங்கியதைத்தான் ஸ்கேனர் சொன்னது. கீலுக்குப் பக்கத்தில் ரப்பர் குழாய் முடிகிற இடத்துக் கப்ளரைப் பிரித்தால், எர்த் பின் முழுக்கப் பச்சை. வாட்டர் வாஷில் தண்ணீர் புகுந்திருக்க வேண்டும். அந்தப் பின்னை மாற்றி, மற்றவற்றைச் சுத்தம் செய்து, ரப்பரை ஒழுங்காக உட்காரவைத்ததும் மிர்ரர் மடங்கியது, விரிந்தது, விண்டோ ஏறியது.

திருப்பூர்க்காரருக்குச் சந்தோஷம். பர்ஸை எடுத்துக்கொண்டே கேட்டார்.

"எதை மாத்தினீங்க?"

"ஒரு பின்னுங்க."

"எவ்வளவுங்க?"

"ஆயிரத்து இருநூறு குடுங்க."

"ஒரு பின்னுக்குங்களா?"

"பின்னு அஞ்சு ரூவாதானுங்க. மிச்சம் அது எந்தப் பின்னுன்னு தேடினதுக்கு."

அவர் பின்னால் உட்கார்ந்திருந்த மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அந்தம்மா குழந்தைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார், இந்தப் பஞ்சாயத்தில் கலந்துகொள்ளவில்லை.

"பொருளே போடலீங்களேண்ணா. கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க."

"பொருள் போடணும்னா போட்டுடலாமுங்க. மிர்ரரும் மாட்யூலும் நாளைக்கே தருவிச்சுர்றேன். அதுக்கு என்ன விலைன்னுதான் உங்களுக்கே தெரியுமே."

அவர் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே ஆயிரம் ரூபாயை எண்ணிக் கொடுத்தார். மீதி இருநூறைப் பற்றி இரண்டு பேருமே அதற்குமேல் பேசவில்லை.